மேடையில் தொங்கிய கட்டை

என் தங்கை கரோலின் எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் இரண்டாவது பத்தியிலேயே "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுவார்கள். உச்சுக்கொட்டுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு நிறையவே வந்து போய்விட்டார்கள். இனி உட்கார வைக்க இடமில்லை.

காசிமேட்டு மீன் ஏலத்தில், நின்று கத்துகிற ஆண்களுக்கு நடுவே, கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்தபடி ஏலம் கேட்டு மீன் எடுத்தாள். ஏலம் விடுகிறவர் ஆரம்பத்தில் அவள் குரல் காதில் விழாதது போலவே இருந்தார். பிறகு அந்தக் கூடையின் பக்கம் திரும்பி நிற்கப் பழகிக்கொண்டார். ராயபுரத்தில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு நடக்கும் கேரம் போட்டியில் ஆண்களோடு ஆடி மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை எடுத்தாள். தோற்றவனிடம், "பொம்பளகிட்ட தோத்தேன்னு வெளிய சொல்லாத. நொண்டிகிட்ட தோத்தேன்னு சொல்லு. பாவம் பாத்து வுட்டுக்குடுத்தான்னு நெனச்சிக்குவாங்க" என்று அவளே யோசனையும் சொன்னாள். தன்னால் நடக்க முடியாது என்பதை, நடக்க முடியாத காலையே எதிரில் நீட்டி வைத்துக்கொண்டு, அரசாங்கத்துக்கு நிரூபித்தாள். கடைசியாக, ஆண்டவரின் பெயரால் பிடுங்கப்பட்ட ஊன்றுகோலை ஆண்டவரின் ஊழியக்காரரிடமிருந்தே திரும்ப வாங்கினாள். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கடைசி வெற்றிக்காகத்தான். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பார்க்காத இடத்தில் யார் சொன்னது என்றும் எழுதிவிடுகிறேன்.

கரோலின் பிறந்தது 1986. இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது கால்களும் கூடவே இறங்கிவிட்டன. இடது கால் பிடிமானம் இருந்தால் நிற்கும். வலது கால் சும்மா கூட வரும். எங்கள் அப்பா பிராங்கிளின் துறைமுகத்தில் கலாசி, கப்பல் சரக்கைக் கயிறு போட்டுத் தூக்குகிற வேலை. "சொட்டு மருந்து ஒயுங்கா போடல. அதான் போலியோ. வேற ஒண்ணுமில்ல" என்று அவர் ஒருவர்தான் சொன்னார். ஒயின்ஷாப்புக்குப் போகிறவர் என்பதால் அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மற்றவர்கள் எல்லாரும் அவரைவிட விவரமானவர்கள். ஒரு காய்ச்சலுக்கு அவர்கள் கண்டுபிடித்த காரணங்களை வைத்து ஓர் ஊரையே நொண்டி ஆக்கலாம். அப்பா குடிக்கிற பாவம் பிள்ளை காலில் இறங்கிவிட்டது என்றார் ஒருவர். அம்மா பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பெரிய வெள்ளியன்று மீன் சுத்தம் செய்தாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார் என்றாள் ஓர் அத்தை. அவளுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஆண்டவர் நேசிக்கவில்லையா என்று அப்பா கேட்டார். அதன் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அப்பா செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

எங்கள் அம்மா பெயர் ஃபாத்திமா. மாதாவின் பெயர். அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. அவளுடைய நம்பிக்கை நேராக இருந்தது: ஆண்டவர் நல்லவர், அவரால் எல்லாம் முடியும், ஆகவே என் பிள்ளை நடப்பாள். இதில் எந்த இடத்தில் கை வைத்து மறுப்பது? ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. நாளைக்கு நடக்கப்போகிற பிள்ளையை இன்றைக்கு எதற்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? "நடக்கட்டும், அப்பால சேத்துக்கலாம்" என்றாள். எனக்கு ஐந்தாவது முடிந்து, எட்டாவது முடிந்து, நான் இறால் கம்பெனிக்கு உரிக்கப் போக ஆரம்பித்த பிறகும் கரோலின் நடந்த பிறகு சேரப்போகிற பிள்ளையாகவே இருந்தாள். அம்மா கூட்டிக்கொண்டு போகாத கோயில் இல்லை, நற்செய்திக் கூட்டம் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் கொடுத்து அனுப்புவார்கள். சமையலறைப் பலகையில் அவை வரிசையாக நின்றன. அப்பா ஒருநாள் அவற்றைப் பார்த்து, "இத்தினி எண்ணெய்க்கு ஒரு பஜ்ஜிக் கடையே போட்டிருக்கலாம்" என்றார். அம்மா அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

சோறு கிடைக்காத அந்த மனிதர்தான் மறுநாள் காசிமேட்டில் படகு கட்டுகிற ஆசாரியிடம் போய், மிச்சமான புன்னை மரத்தில் ஒரு கட்டை செய்யச் சொன்னார். கக்கத்தில் வைத்து ஊன்றி நடக்கிற கட்டை. மேலே கக்கத்தில் உறுத்தாமல் இருக்கப் பழைய வலைக் கயிற்றைச் சுற்றினார். கீழே லாரி டயரில் வெட்டிய ரப்பரைத் தைத்தார். கரோலின் வளர வளர அடியில் துண்டு சேர்த்து நீளம் கூட்டிக் கொடுத்தார். ஈரத்தில் வழுக்காத கட்டை அது. மீன் மார்க்கெட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது அந்தக் கட்டைதான், எண்ணெய் பாட்டில்கள் அல்ல. அப்பா செத்த பிறகு அவர் ஞாபகமாக வீட்டில் வேறு பொருளும் கிடையாது.

2019ஆம் வருடம் அம்மாவுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினாள். வந்ததும் கரோலின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தபா வா. நான் சாவறதுக்குள்ள" என்றாள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம். நடத்துகிறவர் பிரதர் அருள்பிரகாசம். அவருடைய ஊழியத்தின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அதுவும் ஒரு விளம்பரம். ஊழியத்துக்கு வருமுன் அவர் எம்.கே.பி. நகரில் பாட்டுக்கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பலாம். ஸ்பீக்கர் மட்டும் அங்கே குறையே இல்லாமல் இருந்தது.

கரோலினுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அம்மாவுக்காகப் போனாள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கட்டையோடு வருகிறவர்களுக்கு அங்கே எப்போதும் முன்வரிசைதான். உள்ளே நோய் வைத்திருக்கிறவர்கள் பின்னால் உட்காரலாம், அது போட்டோவில் தெரியாது. ஜெபம் உச்சத்துக்கு ஏறும்போது இரண்டு ஆட்கள் வந்து அவளைத் தூக்கி மேடையில் ஏற்றினார்கள். பிரதர் அவள் கக்கத்திலிருந்து கட்டையை உருவினார். "நட!" என்று மைக்கில் கத்தினார். அந்த இரண்டு பேரும் இரண்டு பக்கமும் அவள் தோளுக்கடியில் கை கொடுத்து அள்ளிக்கொண்டு மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனார்கள். நான் மேடைக்குக் கீழேயே நின்றேன். அவள் பாதம் பலகையில் பட்டதா என்பதே எனக்குச் சந்தேகம். டிரம்ஸ் அடித்தார்கள். பிரதர் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். அம்மா தரையில் விழுந்து அழுதாள். கரோலின் முகத்தைப் பார்த்தேன். மார்க்கெட்டில் கெட்டுப்போன மீனை நல்ல மீன் என்று ஒருவன் தலையில் கட்டப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை இறக்கிவிட்டார்கள். பிரதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பிரதர், கட்டய குடுங்க. வூட்டுக்குப் போவணும்" என்றாள் கரோலின்.

"சகோதரி, அடிமைத்தனத்தின் அடையாளத்தைத் திரும்பக் கேட்கலாமா?"

"அடிமைத்தனம் இல்ல பிரதர், அது புன்ன மரம். எங்க நைனா செஞ்சி குடுத்தது."

"விசுவாசத்தோடு நடந்து போங்கள்."

"எதுவரைக்கும்? ஆட்டோ வரைக்குமா, வூடு வரைக்குமா?"

பிரதருக்கு அடுத்த ஜெபம் இருந்தது, போய்விட்டார். கட்டை அவருடைய வண்டியில் ஏறிவிட்டது. "சந்தேகப்பட்டால் வந்த சுகமும் போய்விடும்" என்று அவருடைய ஆள் ஒருவர் எங்களை எச்சரித்தார். ஆட்டோவிலிருந்து வீட்டுக்குள் வரை நான் அவளை முதுகில் சுமந்தேன். சின்ன வயதில் சுமந்தது போல இல்லை, கனத்தாள்.

மறுநாள் காலையில் ஞானம் வந்தாள். எங்கள் தெருவின் ஜெபமாலைக் கூட்டத்துக்குத் தலைவி. ஞாயிறு காலை பூசையில் இருப்பாள், மாலையில் பிரதர் கூட்டத்தில் இருப்பாள். ஆண்டவர் எந்த வாசலில் நின்றாலும் பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணம். பின்னால் நாலைந்து பெண்கள்.

"எங்க, நடந்து காட்டு" என்றாள்.

"நேத்து நடந்ததுக்கே தோளு ரெண்டும் வலிக்குது" என்றாள் கரோலின்.

"அது இன்னா பேச்சு?"

"காலால நடந்தா காலு வலிக்கும். தோளால நடந்தா தோளுதான வலிக்கும்?"

ஞானம் முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். "சுகம் வந்துச்சு. நாங்க கண்ணால பாத்தோம். நீதான் தக்க வெச்சிக்கல. உனக்கு விசுவாசம் பத்தல."

இதை நான் பல வருடமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆண்டவர் நல்லவர்; அதில் எனக்கும் தகராறு இல்லை. ஆனால் நல்லவரின் உலகத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் விளங்காமல் போனது ஏன் என்று கேட்டால் இவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராது. யார் மேலாவது பழியைப் போட்டுவிட்டால் ஆண்டவருக்கும் குறை இல்லை, இவர்களுக்கும் தூக்கம் கெடாது. அந்தப் பழிக்கு ஓட முடியாதவள்தான் வசதி. உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள்.

புதிதாக ஓர் அலுமினியக் கட்டை வாங்கினோம். மார்க்கெட்டில் ஐஸ் தண்ணீர் ஓடுகிற தரையில் அது வழுக்கி, கரோலின் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஞானம் பார்க்க வந்து, "இது எச்சரிப்பு" என்றாள். பக்கத்துக் கடை வரலட்சுமி அப்போது அங்கே இருந்தாள். கரோலினோடு சேர்ந்து ஏலம் எடுக்கிறவள். "எச்சரிப்பா? ஐஸ் தண்ணிக்கா? தா, நீ மொதல்ல கெளம்பு. ஒன்னப் பாத்தாலே எலும்பு சேரமாட்டேங்குது" என்றாள்.

மேடை ஏறிய நாளிலிருந்தே கரோலினின் போட்டோ பிரதருடைய எல்லா பேனரிலும் வந்தது. கட்டை மேடையில் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டது. கொரோனா வந்தபோது மட்டும் கூட்டங்கள் நின்றன. நோய் வந்ததும் நோயைக் குணமாக்குகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அது முடிந்ததும் கட்டை மறுபடியும் தொங்கியது.

2022இல் அரசாங்கம் கொடுக்கிற, பின்னால் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு கரோலின் மனுப் போட்டாள். அது கிடைத்தால் காசிமேட்டில் மீன் எடுத்து நேராக எம்.கே.பி. நகர் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய் விற்கலாம். ஷேர் ஆட்டோக்காரன் மீன் கூடையைப் பார்த்து நிறுத்தாமல் போவதற்காகக் காத்துக்கிடக்க வேண்டாம். அவளுக்கு வாழ்க்கையில் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அந்த வண்டி.

அதற்காகக் காலைப் பரிசோதிக்க அலுவலகத்தில் கூப்பிட்ட அன்றைக்கு ஞானமும் கூடவே வந்தாள். "நான் ஜெபத்தோட வர்றேன். காரியம் வாய்க்கும்" என்றாள். வாய்த்தது. நாங்கள் வரிசையில் இருந்தபோது ஞானம் அங்கிருந்த அரசாங்க ஊழியரிடம் பேச்சுக் கொடுத்து, பெருமை தாங்காமல் போனை எடுத்து, பிரதரின் மேடையில் கரோலின் 'நடந்த' வீடியோவைக் காட்டியிருக்கிறாள். கெடுதல் செய்யவேண்டும் என்று இல்லை. ஆண்டவரின் மகிமையை அறிவிக்க அவளுக்கு அந்த இடம்தான் கிடைத்தது. எங்கள் முறை வந்தபோது அந்த ஊழியர், "இந்தம்மா மேடைல இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடக்குறாங்களே?" என்றார்.

"சார், கால தொட்டுப் பாருங்க" என்றாள் கரோலின்.

காலைத் தொட்டுப் பார்க்க அவருக்கு நேரமில்லை. போனைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். கால் நேரில் இருக்கிறது, வீடியோ போனில் இருக்கிறது. இந்தக் காலத்தில் எதை நம்புவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த வீடியோ உண்மையில்லை என்று கூட்டம் நடத்தியவர்களே சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்று மனுவை ஓரமாக வைத்துவிட்டார்.

எங்கள் பங்குச் சாமியாரிடம் போனோம். கால் விளங்கவில்லை என்று ஒரு கடிதம் கேட்டோம். அவர் நல்ல மனிதர், டீ கொடுத்தார். "துன்பம் ஒரு மறைபொருள்மா" என்றார். "மறைபொருள் எல்லாம் சரி ஃபாதர், லெட்டரு?" என்று கேட்டேன். மற்றவர்கள் ஊழியத்தில் தலையிட்டால் வீண் சண்டை வரும் என்றார். டீ நன்றாக இருந்தது.

பிரதரின் அலுவலகத்துக்குப் போனோம். அவர் கோபப்படவில்லை. கருணையோடு பார்த்தார். எனக்குக் கோபத்தைவிட அந்தப் பார்வைதான் பொறுக்கவில்லை. "அந்தச் சாட்சியைப் பார்த்து எத்தனை ஆயிரம் பேர் ஆறுதல் அடைந்திருக்கிறார்கள் தெரியுமா? ஒரு ஸ்கூட்டருக்காக அத்தனை பேருடைய விசுவாசத்தையும் உடைப்பீர்களா சகோதரி?" என்றார்.

"அவங்க எல்லாருக்கும் காலு கீது பிரதர். நடந்து வேற எங்கயாச்சும் போயி ஆறுதல் தேடிக்குவாங்க" என்றாள் கரோலின்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அடுத்த கூட்டத்தில் அவளே மேடை ஏறிச் சொல்ல வேண்டும். அதற்குத் தடையாக இருந்தது பிரதர் இல்லை, அம்மா.

"சொல்லாதடி" என்றாள் அம்மா. "சுகமாவலன்னு நீ மைக்குல சொன்னா, இத்தினி வருசமா நான் முட்டி போட்டது இன்னாத்துக்கு? அவரு என்ன கேக்கவே இல்லன்னு ஆயிடாதா?"

"எம்மா, நீ முட்டி போட்டது எங்கயும் போவல."

"ஆண்டவரப் பொய்யனாக்காத. வண்டி வேணாம். நான் கூட வர்றேன், கூடய நான் தூக்கறேன்."

"நெஞ்சடைப்ப வெச்சிக்கினு மீன் கூட தூக்குவியா? அப்பால அதுக்கு ஒரு காரணம் சொல்லிக்கினு ஞானம் வருவா." கரோலின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அவரு நல்லவருன்னு சொல்றதுக்கு என் காலு எதுக்கும்மா ஒனக்கு? என் காலு இப்டியே இருக்கசொல்லவே அவரு எனக்கு நல்லவருதான். காச்சலு வந்துச்சு, காலு போச்சு. நைனா சொன்ன மாதிரிதான். அவரு அனுப்பலம்மா அந்தக் காச்சல. அனுப்புனாருன்னு நீ சொன்னாத்தான் எனக்குக் கஷ்டமா கீது" என்றாள்.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ அந்த மேடையில் ஏறினால் நான் உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சுவரிடம் சொன்னாள். ஆக, கரோலினுக்கு ஒன்று வண்டி, இல்லாவிட்டால் அம்மா. நல்ல கடவுளைப் பற்றி நல்லவர்கள் பேசிப் பேசி அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த இடம் அது.

2023 செப்டம்பரில் அதே மைதானத்தில் கூட்டம். கரோலின், வரலட்சுமி, நான் மூவரும் போனோம். அம்மா தனியாக ஞானத்தோடு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், எங்களைப் பார்க்கவில்லை. சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் கரோலின் கையைத் தூக்கினாள். பேனரில் இருக்கிற முகம் என்று தெரிந்துகொண்டு அதே மாதிரி இரண்டு ஆட்கள் ஓடி வந்து அவளை மேடைக்கு ஏற்றினார்கள். கூட்டம் கைதட்டியது. மைக் வைத்திருந்த கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கையிலிருந்த அலுமினியக் கட்டையைக் கீழே இருந்த வரலட்சுமியிடம் நீட்டினாள். முன்பே பேசி வைத்தபடி வரலட்சுமி அதை வாங்கிக்கொண்டு மைதானத்தின் கேட்டைப் பார்த்து நடந்தாள், திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றாள் கரோலின் மைக்கில். "நான்தான் அந்தக் கரோலின். இதோ தொங்குதே, அது என் கட்ட. பிரதர், அத்த அவுத்துக் குடுங்க. நான் எறங்கணும்."

கூட்டம் சிரித்தது, ஜோக் என்று நினைத்துக்கொண்டது. பிரதர் அருகில் வந்து மைக்கைக் கையால் மூடினார். ஸ்பீக்கர்காரர் அல்லவா, எதை மூடவேண்டும் என்று தெரியும். ஆனால் அவருடைய சட்டையில் குத்தியிருந்த இன்னொரு மைக்கை மறந்துவிட்டார். அவர் சொன்னது மைதானம் முழுவதும் கேட்டது.

"என்னம்மா பண்ற? இறங்கு முதல்ல."

"அதான் கேக்கறேன். கட்டய குடுங்க, எறங்கறேன்."

"பிடிச்சிக்கிட்டு இறங்கு. ஆளுங்க இருக்காங்க."

"ஆளு எதுக்கு? நான்தான் நடந்தனே. பேனர்ல போட்டுக்கீறீங்க."

கீழேயிருந்து ஒருவன், "நடந்து எறங்கு சிஸ்டர்!" என்று கத்தினான்.

"எறங்கறேன் நைனா" என்றாள் கரோலின், அவன் பக்கம் திரும்பி. "பிரதர் 'நட'ன்னு சொல்லட்டும், இப்பவே கம்பிய வுட்டுடறேன். உயுந்தா மண்ட ஒடையும். பரவால்ல. ஆனா நாளைக்கு வந்து எனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லக்கூடாது. என் விசுவாசம் நல்லாத்தான் கீது. காலுதான் நல்லா இல்ல. சொல்லுங்க பிரதர்."

பிரதர் சொல்லவில்லை. சாதாரண நாளில் அந்த ஒரு சொல்லை அவர் எத்தனை தடவை சொல்வார் என்று எண்ணிப் பார்க்க முடியாது. அன்று அவர் வாயில் அது வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டுபோகச் சொல்லி ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார். "தொடாத" என்றாள் கரோலின். அவர்கள் நின்றுவிட்டார்கள். இத்தனை பேர் பார்க்க ஒரு பெண்ணை எப்படி இழுப்பது?

"நீங்க பயப்படாதீங்க பிரதர்" என்றாள் அவள். இப்போது குரல் மெதுவாக இருந்தது. "எனக்கு சுகமாவலன்னு தெரிஞ்சா ஆண்டவரு கெட்டவரு ஆயிடுவாருன்னு பாக்கறீங்க. ஆவமாட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆவாது. என் கட்ட இல்லாமதான் எனக்குக் கை ஒடிஞ்சிச்சு."

பேசிக்கொண்டிருக்கும்போதே கம்பி ஆடியது. அது மைக் வைக்கிற கம்பி, ஆளைத் தாங்குகிற கம்பி இல்லை. இடது கால் நடுங்குவது கீழேயிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் மேடையை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னால் ஒருத்தி படியில் ஏறிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஞானம் பிடித்து இழுத்த முந்தானையை உதறிவிட்டு ஏறினாள்.

"குட்துடுங்க பிரதர்" என்றாள். மைக்கில் சொல்லவில்லை, ஆனால் பிரதரின் சட்டை மைக் அதையும் எல்லோருக்கும் சொல்லிற்று. "புள்ள உயுந்துடும். அவளால நிக்க முடியாது."

முப்பத்தைந்து வருடத்தில் அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரதர் அசையவில்லை. அம்மா அவரைத் தாண்டிப் போய், கட்டையைக் கட்டியிருந்த நைலான் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கட்டையைக் கொண்டுவந்து கரோலினின் கக்கத்தில் வைத்தாள். சின்னப் பிள்ளைக்கு வைப்பது போல் வைத்து, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பிறகு, "வா, வூட்டுக்குப் போவலாம்" என்றாள். கரோலின் அந்தக் கட்டையை ஊன்றிப் படிகளில் இறங்கினாள். யாரும் கைதட்டவில்லை. ஞானம் அழுதுகொண்டிருந்தாள். ஆண்டவருக்காகவா, வீணாய்ப்போன வீடியோவுக்காகவா என்று நான் கேட்கவில்லை. பிரதர் உடனே ஒரு பாட்டை ஆரம்பித்தார். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார்கள்.

கேட்டருகே வரலட்சுமி அலுமினியக் கட்டையோடு நின்றாள். அம்மாவைப் பார்த்து, "இன்னா ஆயா, பல்லு நல்லா உறுதியா கீது" என்றாள். அம்மா சிரித்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகு கரோலின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். "அவரு கேட்டாரோ இல்லியோ, தெர்ல. நான் வேண்டிக்கினே இருப்பேன்" என்றாள். "இருந்துக்கோ" என்றாள் கரோலின். அதற்கு மேல் அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அன்று மைதானத்தில் போன் வைத்திருந்த எல்லோரும் வீடியோ எடுத்திருந்தார்கள். அது மனுவை ஓரமாக வைத்த அந்த அரசாங்க ஊழியரின் போனுக்கும் போயிற்று. போனில் பார்த்தால்தான் நம்புவார் என்று சொன்னேனே, நம்பினார். மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷ வேலை.

வண்டி கொடுக்கிற நாளுக்கு முன்னால் கரோலின் என்னிடம் வந்து, "அக்கா, அங்க ரேக வெக்கச் சொல்லுவாங்க. நான் வெக்க மாட்டேன். எம்பேர எயுதக் கத்துக்குடு" என்றாள். நடந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது, நடக்காமலே கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். அவளுக்கு 'ரோ' தகராறு செய்தது. முன்னால் கொம்பு, பின்னால் கால். "இதுக்கு மட்டும் எதுக்குக் காலு?" என்று திட்டினாள். மீன் வெட்டுகிற பலகையில் சாக்பீஸால் எழுதி எழுதி அழித்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டே, "கொம்பு கோணலா கீது" என்று திருத்தினாள். அம்மாவுக்கும் எழுதத் தெரியாது.

வண்டி கொடுத்த இடத்தில் மை டப்பாவை நீட்டினார்கள். கரோலின் அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனா கேட்டாள். புன்னைக் கட்டையை மேஜையில் சாய்த்து வைத்தாள். அப்பாவின் எழுத்தை முதலில் போட்டு, பி. கரோலின் என்று எழுதினாள். கொம்பு நேராகவே வந்தது. அதன் கீழே தேதியையும் போடச் சொன்னார்கள். எண்கள் அவளுக்கு மார்க்கெட்டிலேயே பழக்கம், அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை: 21.2.2024.